மாஸ்க்குக்குள் போகாத கண்ணாடி

எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். அழுக்கு வெள்ளை நிறம். கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தால் மேலெல்லாம் சின்னச் சின்ன நட்சத்திரமாகக் குழி விழுந்திருப்பது தெரியும். அதைக் கொண்டுவந்தது நான்தான். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறேன். வெடி வைத்துப் பெயர்த்த கல்லை ஏற்றிக்கொண்டு போய், அரைக்கிற இடத்தில் கொட்டிவிட்டு வருவது என் வேலை. ஒருநாள் டயர் இடுக்கில் மாட்டிக்கொண்டு வந்த கல் அது. விளையாட்டுச் சாமானாக இருக்கட்டும் என்று மகளிடம் கொடுத்தேன்.

அவள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அப்பா, இது கல்லு இல்லயாம். பவளப்பாறையாம். எங்க சயின்ஸ் மிஸ் சொன்னாங்க. நம்ம ஊரு முன்னாடி கடலுக்கு அடியில கெடந்துச்சாம்."

அவள் தம்பி கேட்டான், "அப்ப மீனெல்லாம் எங்க போச்சு?"

என் மச்சான், அதாவது பிள்ளைகளின் தாய்மாமன், அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "கொள்ளிடத்துக்குப் போச்சுடா. அங்கேருந்து நேரா உங்கம்மா கொழம்புக்கு வந்துருச்சு, பாரு" என்று தட்டிலிருந்த மீனைத் தூக்கிக் காட்டினான்.

எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கல்லை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள்.

அதற்கப்புறம் அவளுக்கு வேறு ஆசையே இல்லாமல் போய்விட்டது. பள்ளி நூலகத்தில் பவளப்பாறை படம் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்துவந்து திரும்பத் திரும்பப் படித்தாள். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "உசுரோட இருக்கற பவளப்பாறை ஒண்ணு பாக்கணும்பா. ஒரே ஒரு தடவ" என்பாள். பொங்கலுக்கும் அதையேதான் சொன்னாள். கோடை விடுமுறைக்கு ஒருநாள் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுதுகிற பழக்கம் இல்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதற்கு முன்னால் என் மகளின் கண்ணாடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அவள் ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கண் பார்க்க வந்தார்கள். கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது, ஒரு முழம் தள்ளினால் எல்லாம் கலங்கிவிடுகிறது, பவர் அதிகம், உடனே கண்ணாடி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். போட்டோம். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் நாள் வாசலில் நின்று, "அம்மா, வேப்பமரத்துல எல தனித்தனியா இருக்கும்மா" என்று அவள் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அந்தப் பிள்ளைக்கு மரம் ஒரு பச்சைக் குவியலாகத்தான் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளை கண்ணாடி போடுவதை வெளியில் காட்டிக்கொள்ள மாட்டோம். யாரும் சட்டம் போடவில்லை. இருந்தாலும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். விருந்தாளி வந்தால் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். கல்யாணத்துக்குப் போனால் அம்மாவின் பைக்குள் போய்விடும். போட்டோ எடுக்கும்போது யாராவது ஒருவர், "கண்ணாடிய கழட்டும்மா" என்று சொல்லிவிடுவார்கள். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒரு பேச்சுப் பேசுவானாம். அவளுக்குப் பன்னிரண்டு வயதுதான் ஆகிறது.

ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்தவள், கேசரி என்று நினைத்துத் தக்காளித் தொக்கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஏண்டி, கேசரி அவ்வளவு இனிப்பாவா இருக்கு?" என்று மாமன்காரன் கேலி செய்தான். பந்தியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

இனி, பயணத்தை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்கிறேன். மண்டபம் பக்கத்தில் பவளப்பாறை காட்ட இரண்டு வழி இருக்கிறது என்று மச்சான் விசாரித்து வந்தான். ஒன்று, உட்கார்ந்து பார்க்கும் படகு. படகின் அடியில் தடித்த கண்ணாடி பதித்திருப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்து குனிந்தால் கீழே இருப்பது தெரியும். இன்னொன்று, தண்ணீரில் இறங்கிப் பார்ப்பது. கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, குப்புற மிதந்தபடி பார்க்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சு நடந்தது.

"உக்காந்து பாக்கற படகே போதுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "எனக்கு நீச்சலும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"நீ படகுல உக்காரு. நாங்க எறங்கறோம்" என்றேன்.

"ராமேஸ்வரம் போறவங்கல்லாம் முழுக்குப் போடப் போவாங்க. மாமா முழுகி வேடிக்கை பாக்கப் போறாரு" என்றான் மச்சான்.

மகள் மெதுவாகச் சொன்னாள், "அப்பா, அந்த மொத படகே நல்லாருக்கும்பா. கண்ணாடிய போட்டுக்கிட்டே பாக்கலாம்ல?"

இந்த இடத்தில்தான் நான் நிதானித்திருக்க வேண்டும். நிதானிக்கவில்லை. "அதெல்லாம் வயசானவங்க போறது பாப்பா. கெணத்து மேட்டுலேருந்து குதிக்கற புள்ளைங்களுக்கு அது எதுக்கு?" என்றேன்.

அதில் என் பெருமை இருந்தது. பிள்ளைகள் இருவருக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான். முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி, எங்கள் சித்தப்பா வயல் கிணற்றில் தள்ளிவிட்டுப் பழக்கியது. என் மகள் பையன்களுக்குச் சமமாகக் குதிப்பாள். கடலில் என் பிள்ளைகள் நீந்துவதை வெளியூர்க்காரன் ஒருவன் பார்த்து, 'எந்த ஊருங்க நீங்க?' என்று கேட்க வேண்டும் என்று ஓர் ஆசை. அவளுடைய ஆசைக்குள் என் ஆசையை நுழைத்துவிட்டேன்.

அவள் "சரிப்பா" என்றாள்.

மறுநாள் படகுக்காரருக்கு ஃபோன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கல்லை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர் சார்? நீச்சல் தெரியுமா?"

"எறங்கற எல்லாத்துக்கும் நல்லா தெரியும்ங்க. கெணத்துல அடிச்சுப் பழகுனவங்க."

"சரி சார். யாராச்சும் பவர் கண்ணாடி போடுறீங்களா? பவர் வச்ச மாஸ்க் ஒண்ணே ஒண்ணு கெடக்கு. இப்பவே சொன்னீங்கன்னா எடுத்து வச்சுருவேன்."

பிள்ளைகளே, யோசித்துப் பொய் சொல்வது ஒரு வகை. யோசிக்காமலே வாயிலிருந்து வருவது இன்னொரு வகை. "இல்லைங்க, எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல" என்றேன். யாரோ முன்பின் தெரியாத படகுக்காரர். பெண் பார்க்க வருபவரா? இல்லை. இருந்தாலும் வெளியாள் கேட்டால் இல்லை என்று சொல்லியே பழகிய வாய்.

சொன்ன பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தேன். கல் உருளுவது நின்றிருந்தது. அவள் கண்ணாடியை மூக்கின் மேல் ஒருதரம் ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்ப ஃபோன் போட்டு, 'இருக்குங்க, ஒரு பிள்ளை போடுது' என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் இல்லை என்றோம், உடனே இருக்கிறது என்றால் என்ன நினைப்பார் என்று கூச்சம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இருட்டோடு கிளம்பினோம். மச்சான் கார் ஓட்டினான். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டோம். புதுக்கோட்டை தாண்டியதும் மகன் வாந்தி எடுத்தான். "கடலுக்கு முன்னாடியே இவன் அலையடிக்கிறான்" என்றான் மச்சான். மகள் மட்டும் ஜன்னலோரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் வந்தாள். "நுனி வெள்ளையா இருந்தா அது வளந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்பா" என்று வழியில் ஒருதரம் சொன்னாள்.

கரையில் படகுக்காரர் மாஸ்க்குகளை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், நடுத்தர வயது. "வாங்கண்ணே, கெணத்துப் பார்ட்டியா?" என்று சிரித்தார். மகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னண்ணே, பாப்பா கண்ணாடி போட்டுருக்கு? யாரும் இல்லேன்னீங்களே?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "மறந்துட்டேங்க" என்றேன்.

"அந்த ஒண்ணையும் காலையில மொத படகுல ஒரு அம்மா கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாகளே. சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே."

உட்கார்ந்து பார்க்கும் படகையாவது பிடிக்கலாம் என்று அது கிளம்பும் படகுத்துறைக்கு மச்சானை விரட்டினேன். அவன் வேர்க்க விறுவிறுக்க வந்து சொன்னான், "காலைப் படகெல்லாம் நெறஞ்சு போச்சு மாமா. மத்தியானம் ஒண்ணு இருக்காம். காத்து அடிக்காம இருந்தாத்தானாம்."

மகள் கண்ணாடியோடு மாஸ்க்கைப் போட்டுப் பார்த்தாள். கரையிலேயே குனிந்து முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். கண்ணாடியின் காம்பு இரண்டு பக்கமும் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நின்றதால், தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி இருமினாள். மறுபடி போட்டாள். மறுபடி இருமினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"பரவால்லம்மா. தண்ணி தெளிவாத்தான் இருக்கு. தெரியும்" என்றாள்.

என் வீட்டுக்காரி கண்ணாடியை முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

படகு கொஞ்ச தூரம் போய் நின்றது. படகுக்காரர் சொன்னார், "எங்கயும் நிக்கக் கூடாது. கால் வலிச்சாலும் சரி, பயம் வந்தாலும் சரி, மல்லாந்து படுத்துக்கங்க, இல்ல என்னைக் கூப்புடுங்க. கீழ கால் வச்சா பாறை ஒடஞ்சிரும். ஒரு விரல் அளவு வளர அதுக்கு வருசம் ஆகும்."

பிள்ளைகளும் மச்சானும் மிதக்கும் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார். "எனக்கு வேணாங்க" என்றேன். "வேணும்ணே, போடுங்க" என்றார். இறங்கினதும் கழுத்தை அறுக்கிறது என்று சொல்லிக் கழற்றிப் படகிலேயே போட்டுவிட்டேன். அதுவும் கிணற்றுப் பெருமைதான்.

தண்ணீரில் முகத்தை வைத்தேன். என்ன சொல்ல. என் காலுக்குக் கீழே ஒரு காடு இருந்தது. மான்கொம்பு மாதிரி கிளைகிளையாக, நெருக்கமாக. நடுவில் மீன்கள் சாவகாசமாகப் போய்வந்தன. நான் தினமும் லாரியில் ஏற்றுகிற கல் முன்னொரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மகன் குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினான், "அக்கா! நீல மீனு! கோடு போட்ட மீனு! பாத்தியா பாத்தியா?"

"ம், பாத்தேன்டா" என்றாள் அவள்.

எனக்குத் தெரியும், அவள் பார்க்கவில்லை. அவள் தலை ஒரே திசையில் இருந்தது. மீன் போனது வேறு திசையில். அந்தப் பிள்ளைக்குக் கீழே தெரிந்திருப்பது ஒரு பழுப்புக் குவியல், அவ்வளவுதான். வேப்பமரம் பச்சைக் குவியலாகத் தெரிந்த மாதிரி. இத்தனை தூரம் வந்து, இத்தனை மாதம் காத்திருந்து, தம்பியின் சந்தோஷம் கெடக்கூடாது என்று பொய் சொல்கிறாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

நீந்தி அவள் பக்கத்தில் போனேன். "பாப்பா, நான் பாத்துச் சொல்றேன். நீ கேட்டுக்க."

மாஸ்க்கோடு தலையை ஆட்டினாள். நான் முகத்தை உள்ளே வைத்துப் பார்ப்பேன், தலையைத் தூக்கிக் குழாயை எடுத்துவிட்டுச் சொல்வேன், மறுபடி உள்ளே போவேன்.

"கொம்பு கொம்பா இருக்கு."

"என்ன கலருப்பா?"

"பழுப்பு."

"எந்தப் பழுப்பு? காப்பியா, வெல்லமா?"

மறுபடி பார்த்துவிட்டு வந்தேன். "வெல்லம். புது வெல்லம்."

"நுனி?"

மறுபடி முகத்தை வைத்தேன். "வெள்ளையா இருக்குடா. எல்லா நுனியும் வெள்ளை."

அவள் சிரித்தாள். "அப்ப வளருதுப்பா!"

"இரு, இன்னும் கிட்ட போய்ப் பாக்கறேன்" என்றேன்.

கிளையில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்து அவளிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எங்கள் கல்லில் இருக்கும் நட்சத்திரம். பேசிப்பேசி மூச்சு வாங்கியிருந்தது. குழாயில் அலை ஒன்று ஏறித் தண்ணீர் தொண்டைக்குள் போனது. இருமினேன். இருமும்போது உடம்பு தானாக நிமிர்ந்துவிட்டது.

கிணற்றில் நீந்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூச்சு வாங்கினால் கால் தானாகப் படியைத் தேடும். கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படி. கண் பார்க்காது, மனசு நினைக்காது, கால் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். அதில் ஒற்றைக் காலை ஊன்றி நின்று மூச்சு விட்டுக்கொள்வோம். எத்தனை வருஷமாகவோ அப்படியே பழகிய கால்.

என் வலது கால் படியைத் தேடியது. ஒன்று கிடைத்தது. ஊன்றினேன்.

காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி உள்ளங்காலில் தெரிந்தது. சத்தம் கேட்டதா, காலில் உணர்ந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

"அண்ணே! காலத் தூக்குங்க! நிக்காதீங்கண்ணே!"

படகுக்காரர் ஒரே வீச்சில் வந்து என் கையைப் பிடித்து மல்லாக்கக் கிடத்தினார். "சொன்னேன்லண்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மகள் கேட்டாள், "என்னாச்சுப்பா?"

நான் இருமிக்கொண்டிருந்தேன். படகுக்காரர் என்னை விட்டுவிட்டுக் கீழே மூழ்கினார். எழுந்தபோது தலையை மட்டும் வெளியே வைத்திருந்தார், கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. "வெளிய எடுக்கக் கூடாது, செத்துரும். பாப்பா, மூஞ்சியத் தண்ணிக்குள்ள வையி. இதைத் தொடாத, பாரு மட்டும்" என்றார்.

நான் உடைத்த கிளை. நடுவிரல் நீளம்தான் இருக்கும். அதை அவள் மாஸ்க்குக்கு நேராக, ஒரு சாண்கூட இல்லாத கிட்டத்தில் பிடித்தார். கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று முன்னாலேயே எழுதினேன் இல்லையா. அவள் அசையவே இல்லை. குழாயில் மூச்சு விடும் சத்தம்கூட நின்றுபோனது. நான் பயந்துபோய் அவள் தோளைத் தொட்டேன். கையை உதறிவிட்டாள்.

படகுக்காரர், "போதும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி மூழ்கி, அதை ஒரு பாறை இடுக்கில் செருகி வைத்துவிட்டு வந்தார்.

அவள் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அப்பா! நட்சத்திரம் நட்சத்திரமா இருக்குப்பா. நம்ம கல்லுல இருக்கற மாதிரியே. ஆனா நம்ம கல்லு காலி வூடுப்பா. இதுல ஆளு இருக்கு. ஒவ்வொரு குழிக்குள்ளயும் குட்டியா ஒரு ஆளு. குட்டிக் கையை உள்ள இழுத்துக்கிச்சுப்பா, நான் பாத்தேன்!"

சொல்லிவிட்டுப் படகுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அத எப்படி எடுத்தாங்க? எடுக்கக் கூடாதுல்ல?"

"எடுக்கலம்மா" என்றார் படகுக்காரர். என்னைப் பார்த்தார்.

"அப்பா கால் பட்டு ஒடஞ்சிருச்சு" என்றேன்.

"நீங்க ஒடைச்சதா?"

"ஆமாம்மா."

அவள் முகம் சுருங்கிப் போனது. "செத்துருமா?" என்று படகுக்காரரிடம் கேட்டாள்.

"ஒட்டிக்கிட்டா பொழைச்சுக்கும். பெரிய அலை வந்து உருட்டிட்டா இல்ல. நம்ம கையில என்னம்மா இருக்கு."

படகில் ஏறியதும் என் உள்ளங்காலில் இரத்தம் கசிந்துகொண்டிருப்பதை மச்சான் பார்த்துவிட்டான். "கடலையே மிதிச்சுட்டு வந்துருக்காரு பாருக்கா" என்று கேலியைத் தொடங்கினான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்து, தானே மகளுக்கு மாட்டிவிட்டாள்.

மத்தியானம் காற்று எழும்பிவிட்டது. உட்கார்ந்து பார்க்கும் படகு போகவில்லை. துறையில் காத்திருந்த எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, என் மகள் உயிரோடு பார்த்த பவளம் அந்த நடுவிரல் நீளம் மட்டும்தான். நான் ஃபோனில் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் காட்டையே பார்த்திருப்பாள், கிளையும் உடைந்திருக்காது. இதை மனசுக்குள் எப்படித் திருப்பிப் போட்டாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. நான் உடைக்காமல் இருந்திருந்தால் அவள் ஒன்றுமே பார்த்திருக்க மாட்டாளே என்று ஒருதரம் மனசு சொன்னது. அந்தச் சமாதானத்தை எடுத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

கிளம்பும் முன் கரையில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம் என்றான் மச்சான். கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றோம். "எல்லாம் சிரிங்க" என்றான். அவன் வேறொன்றும் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. மகள் தானாகக் கண்ணாடியைக் கழற்றி, காம்பை மடக்கி, என் கையில் கொடுத்தாள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூக்கில் படுகிற இடம் இன்னும் சூடாக இருந்தது.

"போட்டுக்கம்மா" என்றேன்.

"போட்டோவுலயாப்பா?"

"ஆமா. போட்டுக்க."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். அப்போது நான் சொல்ல ஆரம்பித்தேன், "அன்னைக்கு ஃபோன்ல கேட்டாங்கல்ல பாப்பா, அப்ப நான்..."

"தெரியும்பா. பக்கத்துலதான இருந்தேன்" என்றாள். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றாள்.

அந்தப் போட்டோவைப் பிரேம் போட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வெயில் பட்டு அவள் கண்ணாடி இரண்டும் வெள்ளையாகத் தெரியும். மகன் நாக்கை நீட்டிக்கொண்டிருப்பான். நான் கேமராவைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன மாதம் தா.பழூரிலிருந்து என் அத்தை வந்திருந்தபோது அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னப்பா, புள்ள கண்ணாடி போட்டுருக்கு? கழட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"போடுறா அத்தை. பவர் அதிகம். அது இல்லாம தெரியாது" என்றேன்.

எவ்வளவு சின்ன வார்த்தை. சொல்லி முடித்ததும் வீட்டில் ஒன்றும் இடிந்து விழவில்லை. அத்தை, "அப்படியா, பாவம்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். இதையே படகுக்காரரிடம் சொல்லியிருந்தால் என்ன?

காலில் இருந்த காயம் ஆறிவிட்டது. அரைக்கிற இடத்தில் கல்லைக் கொட்டும்போது முன்பெல்லாம் பின்பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். இப்போது லாரியின் பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன். காலி வீடுகள்தான், ஆள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் பார்க்கிறேன்.

மகள் என்னிடம் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் டிவியில் புயல், காற்று, கடல் கொந்தளிப்பு என்று செய்தி வந்தால் போதும், சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"அப்பா, அது ஒட்டியிருக்குமாப்பா?"

"ஒட்டியிருக்கும்மா" என்று சொல்ல வாய் வரும். யோசிக்காமல் வருகிற அதே வாய். அதனால் இப்போதெல்லாம், "தெரியலம்மா" என்று சொல்கிறேன்.

"அந்த மாமாவுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கப்பா. நம்பர் இருக்குல்ல?"

இருக்கிறது. கேட்டால் சொல்வார், நல்ல மனிதர். நான்தான் இன்னும் போடவில்லை.